மாடியிலிருந்து பார்த்தால் சக்கரம்

ஜூன் 2

ரப்பர் குழாயில் மூன்று ஓட்டை. செடியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் தண்ணீர் ஊற்றிவிட்டேன் - மதிலுக்கு, என் சட்டைக்கு, பக்கத்து வீட்டுப் பூனைக்கு. பூனை என்னைப் பார்த்த பார்வையில் ஏழு தலைமுறைக்குப் போதுமான பகை இருந்தது.

பிற்காலத்தில் என் வரலாற்றை எழுதப்போகிறவர்களின் வசதிக்காகச் சில விவரங்கள். இந்த வீட்டின் பின்பக்கத் தோட்டம் நாலு படுக்கை விரிப்பை விரித்தால் மூடிவிடும். இதன் நிரந்தர மகாராணி என் அக்கா. சென்ற மாதம், கொல்லைக் கதவுக்கு வெளியே இருக்கும் ஒரே ஒரு படியில் பாசி வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, இப்போது கீழ் அறைக் கட்டிலில் இருக்கிறாள். ஆகவே இடைக்கால மன்னனாக நான் முடி சூடிக்கொண்டேன். முடி என்பது அவளுடைய பழைய ஓலைத் தொப்பி. எனக்குக் காது வரை இறங்குகிறது.

நாங்கள் இருவருமே ஆபரேட்டர்கள். அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், நான் சினிமா தியேட்டரில். அவளுக்குக் காது, எனக்குக் கண். வாய் மட்டும் இருவருக்கும் சமம்.

ஜூன் 3

இன்று அக்கா மகள் போன் செய்தாள். ஐந்து வயதிலேயே வீட்டில் எல்லோருக்கும் உத்தரவு போட்டதால் அவளுக்கு நான் வைத்த பெயர் கலெக்டர். இப்போது வேறு ஊரில், ஒன்பதாவது மாடியில், பல் டாக்டர். உத்தரவு மட்டும் மாறவில்லை.

"இந்தத் தென்மேற்கு மழை முடியிற வரைக்கும் பாக்குறேன் மாமா. அதுக்குள்ள அம்மா தானா எந்திரிச்சு நடமாடலேன்னா நான் கூட்டிட்டு வந்துடுவேன். வீட்டை வாடகைக்கு விட்டுடலாம்."

அவள் சொல்வதில் தப்பில்லை. அவளுக்குப் பயம். வாரத்துக்கு ஒரு முறை ஓடி வர முடியாத தூரம். இங்கே காவலுக்கு இருப்பதோ நான். என்னிடம் ஒரு மீன் தொட்டியைக்கூட நம்பி ஒப்படைக்க மாட்டாள்.

ஆனால் அக்கா ஒன்பதாவது மாடியிலா? மண்ணைத் தொட லிஃப்டில் இறங்கியா?

ஜூன் 4

அக்கா வாக்கரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போவாள், வருவாள். அதற்குமேல் ஓர் அடி கிடையாது. "வலிக்குது" என்கிறாள். வலிதானா?

ஜூன் 7

திட்டம் தயார்! உலகம் இதுவரை காணாத தோட்டம். அதைப் பார்க்கவேண்டும் என்கிற ஆசையிலேயே அக்கா துள்ளி எழுந்து ஓடி வருவாள்.

என் மாடி அறை ஜன்னலில் நின்றபடி வரைந்தேன். நடுவில் ஒரு பெரிய சக்கரம். நடுக் குடத்துக்கு வெள்ளை நித்தியகல்யாணி. ஆரக்கால்களுக்குச் சிவப்பு டேபிள் ரோஸ். விளிம்பு முழுக்க மஞ்சள் செண்டுமல்லி. எல்லாம் முழங்காலுக்குக் கீழே வளர்பவை, வெயில் தாங்குபவை, மழையிலும் சமாளிப்பவை. இவ்வளவும் நானே யோசித்தது. அதாவது நர்சரிக்காரர் சொன்னார், நான் யோசித்தேன்.

நர்சரிக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எங்க நின்னு பாக்கப் போறீங்க?" என்ன கேள்வி இது? கண்ணால்தான் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 11

முதல் மழை. மண் வாசனை. முதுகு வலி. நட்டதில் பாதி நானே மிதித்துவிட்டேன்.

ஜூன் 15

சக்கரம் முடிந்தது. மாடியிலிருந்து பார்த்தேன். சொன்னால் நம்பமாட்டார்கள், விமானங்கள் இதைப் பார்க்கவென்றே தாழப் பறக்கக்கூடும். கொஞ்சம் கோணல். கோணலில்தான் அழகு.

கீழே ஓடி, அக்காவின் ஜன்னல் கதவுகளைத் திரை விலக்குவதுபோல் விலக்கினேன். "பார்!" என்றேன்.

அவள் நிதானமாகப் பார்த்தாள். "என்ன பாக்கணும்?"

"சக்கரம்!"

"எனக்குத் தெரியறது மதிலும் பக்கத்து வீட்டுத் தண்ணித் தொட்டியும்தான். தொட்டியை நீயா நட்டே?"

அவளைக் குளியலறைக்குக் கொண்டுபோய் விட்ட நேரத்தில் நானே அந்தக் கட்டிலில் படுத்துப் பார்த்தேன். ஜன்னல் விளிம்பு உயரம். படுத்திருப்பவளுக்கு மேலே வானம், நடுவே மதிலின் தலை, ஓரத்தில் கறுப்புத் தொட்டி. தரையில் நான் விரித்த வைரக் கம்பளம் அவளைப் பொறுத்தவரை பாதாள லோகத்தில் இருக்கிறது.

முப்பது வருஷம் படம் ஓட்டியவன் நான். கடைசி வரிசையின் ஓர நாற்காலிக்கும் திரை தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் பல்பைப் போடுவேன். வீட்டில் ஒரே ஒரு டிக்கெட். அதன் இருக்கையில் உட்கார்ந்து பார்க்காமல் தோட்டம் போட்டிருக்கிறேன்! நர்சரிக்காரர் கேட்டது இதைத்தான். கேட்டவர் கன்னத்தில் ஒன்று வைத்துக் கேட்டிருக்கலாம்.

ஜூன் 16

நர்சரிக்காரரிடம் மறுபடி போனேன். ஏதோ நானே கண்டுபிடித்ததுபோல், "உயரமா ஏதாவது குடுங்க. படுத்துட்டு பாக்குறவங்களுக்கு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நல்ல மனிதர். அல்லது என் முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறவர்.

வாங்கியவை: ஜன்னலை ஒட்டி வைக்க, என் தோள் உயரத்துக்கு ஏற்கெனவே வளர்ந்த கல்வாழைத் தொட்டிகள். தரையிலிருந்து கூரை வரை கயிறு கட்டி ஏற்ற நீலச் சங்குப்பூ. ஜன்னலுக்கு மேலே தொங்கவிட இரண்டு கூடைகள். பக்கத்தில் சூரியகாந்தி விதை.

ஜூலை 4

சங்குப்பூ ஒரு நாளைக்கு ஒரு முழம் ஏறுகிறது. நேற்று அதன் பக்கத்தில் கொஞ்சம் அசையாமல் நின்றேன். என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டது. பொய் இல்லை. கிட்டத்தட்டப் பொய் இல்லை.

ஜூலை 20

வெற்றி! கல்வாழை சிவப்புக் கொடி காட்டுகிறது. சங்குப்பூ கயிறு முழுக்க நீலம். சூரியகாந்தி மொட்டு விட்டு ஜன்னல் விளிம்புக்கு மேல் தலை நீட்டி உள்ளே எட்டிப் பார்க்கிறது. அக்கா தலையணையில் சாய்ந்து எல்லாவற்றையும் ரசிக்கிறாள். ஒரு தேன்சிட்டு வந்து போனது. "நல்லாருக்குடா" என்றாள். அவள் வாயால் இந்தச் சொல் வந்து எத்தனை காலம்! எனக்குச் சிலை வைக்க இடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் தளபதி வந்தாள். அக்காவுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வரும் பெண். வயது என் செருப்பைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஆனால் அவள் "ம்" என்றால் மதிலே இரண்டு அடி நகரும். ஜன்னலைப் பார்த்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்தாள். என்னைத் தனியே வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

"அங்கிள், கட்டில்லயே சினிமா காட்டிட்டீங்க. இனிமே அவங்க எதுக்கு எந்திரிக்கணும்?"

சிலைக்குப் பார்த்த இடம் அப்படியே கிடக்கிறது.

ஜூலை 21

யோசித்தேன். யோசித்தேன். காபி ஆறும்வரை யோசித்தேன்.

விடை தியேட்டரிலேயே இருக்கிறது. டிக்கெட் வகுப்பு! எல்லாவற்றையும் மலிவு டிக்கெட்டிலேயே காட்டிவிட்டால் யார் பால்கனிக்கு வருவார்கள்? ஆக, கட்டிலிலிருந்து பார்த்தால் கல்வாழையின் ஒரே ஓர் இலை நுனி மட்டும். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தால் சங்குப்பூ. ஜன்னலில் நின்றால் சூரியகாந்தி. கொல்லைக் கதவு வரை வந்தால் காசித்தும்பைப் பாத்தி - ரோஸ், வெள்ளை, ஊதா. படி இறங்கினால் சக்கரம். ஒவ்வொரு அடிக்கும் ஒரு கூலி.

உலகத்தில் முதன்முறையாகத் தோட்டத்தை ஒளித்துவைக்கிற தோட்டக்காரன் நான்தான்.

ஜூலை 22

தொட்டிகளை நகர்த்தினேன். கூடைகளைக் கழற்றினேன். சங்குப்பூக் கயிற்றைத் தாழ்த்திக் கட்டினேன். சூரியகாந்தியை வேரோடு தோண்டி அந்தப் பக்கம் நடலாம் என்று மண்வெட்டியை ஒரு போடு போட்டேன். உள்ளேயிருந்து குரல்.

"அது சூரியகாந்தி மண்ணுதானே? சத்தமே சொல்லுது. அதைப் பேத்து நட்டா செத்துப்போகும்."

"நான் பேக்கலை அக்கா" என்றேன், பாதி பேர்த்த செடியைக் கையில் வைத்துக்கொண்டு.

ஜூலை 24

சூரியகாந்தி செத்துப்போனது. தலை தொங்கி நிற்கிறது. அதைப் பார்த்தால் என் மனசாட்சி மாதிரியே இருக்கிறது.

ஜூலை 30

திட்டம் வேலை செய்கிறது! அக்கா காலையில் கேட்டாள்: "சங்குப்பூ எங்கே போச்சு?" தெரியாது என்றேன். "கீழ இருக்கா?" இருக்கலாம் என்றேன். மாலையில் தளபதி வந்தபோது, ஜன்னலோர நாற்காலியில் உட்கார வேண்டும் என்று அக்காவே கேட்டாள். உட்கார்ந்தாள். பார்த்தாள். கயிற்றுக் கட்டு சரியில்லை என்றாள். இதைவிட நல்ல சேதி வேறு உண்டா?

ஆகஸ்ட் 5

கெடுத்துவிட்டேன். நானே.

இன்று அக்கா கொல்லைக் கதவு வரை நடப்பதாக ஏற்பாடு. தளபதி ஒரு பக்கம், வாக்கர் முன்னால். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற வங்கி மேனேஜரைக் கூப்பிட்டேன். அவர் மனைவியைக் கூப்பிட்டேன். தோட்டத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டேன். முதல் காட்சி அல்லவா! அக்கா கதவருகே வந்தாள். அந்தப் படியைப் பார்த்தாள். நான் கைதட்டினேன். மேனேஜரும் தட்டினார். அவர் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். எழுந்து நின்று தட்டினார்.

வாக்கர் கடகடவென்று சத்தம் போட்டது. எல்லோருக்கும் கேட்டது. அவளுக்குக் கேட்காமல் இருக்குமா?

திரும்பிப் போய்ப் படுத்துவிட்டாள். சுவர்ப் பக்கம் திரும்பி.

சாயங்காலம் தளபதி சொன்னாள்: "வலி இல்ல அங்கிள். பயம். அதை நீங்க பாக்குறதுதான் அவங்களுக்குப் பெரிய வலி."

நான் வாழ்க்கை முழுக்க இருட்டில் நின்று பார்த்தவன். என்னை யாரும் பார்த்ததில்லை. பார்க்கப்படுகிறவர் பாடு எனக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சிருக்கணும். அக்காதானே. தெரிஞ்சிருக்கணும்டா மடையா.

ஆகஸ்ட் 6

நாற்காலிகளைத் தூக்கி உள்ளே வைத்தேன். வேறு எழுத ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 12

கலெக்டர் போன். அம்மாவுக்குத் தனி அறை தயாராம். சுவருக்கு இளம்பச்சை வண்ணம் அடித்தாயிற்றாம். "பால்கனியில ரெண்டு தொட்டி வைக்கலாம் மாமா, அம்மாவுக்குப் பொழுது போகும்." குரலில் அவ்வளவு ஆசை. திட்டவும் மனம் வரவில்லை. அந்தப் பச்சை எப்படிப்பட்ட பச்சை என்று கேட்டேன். இலைப் பச்சை என்றாள். எந்தச் செடியின் இலை என்று கேட்கவில்லை.

அக்காவிடம் சொன்னேன். "சரி" என்றாள். சண்டை போட்டிருந்தால் தேவலை.

ஆகஸ்ட் 17

விசித்திரம்! மதிய வெயில் அடிக்கும் இடத்தில் நான் வைத்திருந்த சின்னப் பெரணித் தொட்டி, மதில் நிழலுக்கு நகர்ந்திருக்கிறது. கருகிய இலைகள் சுத்தமாகக் கிள்ளப்பட்டிருக்கின்றன. நான் மதியம் மாடியில் சாய்ந்திருந்த நேரத்தில் யாரோ வந்திருக்கிறார்கள்.

சந்தேகப் பட்டியலில் முதல் ஆள் மேனேஜர். இரண்டாவது பூனை.

ஆகஸ்ட் 20

காசித்தும்பைப் பாத்தியில் நாற்று நெருக்கமாக இருந்தது. நான் விதையைக் கை நிறைய அள்ளி வீசியவன், எண்ணிப் போடுகிற பழக்கம் இல்லை. இன்று மதியத்துக்குப் பிறகு பார்த்தால், ஒன்று விட்டு ஒன்று பிடுங்கப்பட்டு, மிச்சம் சிப்பாய்களைப் போல் நிற்கிறது. பூனை நிரபராதி என்று முடிவு செய்தேன். பூனைக்கு ஒன்று விட்டு ஒன்று தெரியாது.

மேனேஜரிடம் மதில்மேல் எட்டி ஜாடையாக விசாரித்தேன். அவர் மதியத்தில் தூங்குவாராம். உத்தியோகத்தில் இருந்தபோதே அப்படித்தானாம்.

ஆகஸ்ட் 23

சாப்பிட்டதும் வழக்கம்போல் மாடிக்குப் போனேன். வழக்கம்போல் படுக்கவில்லை. ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றேன், குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடிக்க. கையில் சாட்சிக்காக ஒரு மண்வெட்டி. எதற்கு மண்வெட்டி என்று இப்போது தோன்றுகிறது.

கொல்லைக் கதவு மெதுவாகத் திறந்தது. வாக்கர் முதலில் வந்தது. பின்னால் அக்கா.

படிக்கு முன்னால் நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். வலது காலைக் கொஞ்சமாக நீட்டி, பாசி இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள் - குளத்தில் இறங்கும் முன்பு தண்ணீரைத் தொட்டுப் பார்ப்பார்களே, அதுபோல. கை நடுங்கியது. வாக்கர் கடகடத்தது. யாரும் இல்லாததால் அவள் அதை நடுங்க விட்டாள். பிறகு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். இறங்கிட்டா! எங்க அக்கா இறங்கிட்டா.

கத்தியிருப்பேன். வாயைப் பொத்திக்கொண்டேன். மண்வெட்டி கீழே விழாமல் பிடித்துக்கொண்டேன். அக்கா என் கல்வாழையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு கையால் வாக்கர், ஒரு கையால் களை. இரண்டு களை பிடுங்கினாள். மூச்சு வாங்கியது. நின்றாள். மறுபடி ஒன்று பிடுங்கினாள். பிறகு மாடி ஜன்னலைப் பார்த்தாள்.

நான் திரைக்குப் பின்னால் உறைந்துபோனேன். அவளுக்கு என்னைத் தெரியவில்லை. ஆனால் காதை வைத்துக் கேட்கிறாள் என்று புரிந்தது. நான் தூங்குகிறேனா என்று கேட்கிறாள்.

என்ன செய்வது? ஒரே ஒரு வழிதான் தோன்றியது. குறட்டை விட்டேன்.

ஆகஸ்ட் 24

தளபதியிடம் மட்டும் சொன்னேன். அவளுக்குக் கண் கலங்கியது, உடனே சரிசெய்துகொண்டாள். "பார்த்ததா காட்டிக்காதீங்க அங்கிள்" என்றாள். படியில் பாசி இருக்கக்கூடாது என்றும் சொன்னாள்.

விடியற்காலையில் அக்கா எழும் முன்பே படியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். பாசி போய், படியில் பாதியும் போயிருக்கும். மேலே சொரசொரப்பாகச் சிமெண்ட்டும் மணலும் குழைத்துப் பூசினேன். எதற்கு என்று அக்கா கேட்டாள். பூனை வழுக்கி விழுந்தது என்றேன்.

ஆகஸ்ட் 30

மதியக் குறட்டை இப்போது என் உத்தியோகம். சாதாரணக் குறட்டை அல்ல. ஏற்றம், இறக்கம், நடுவில் ஒரு விசில், இடைவேளை, கிளைமாக்ஸ். இன்று மேனேஜர் மதில்மேல் எட்டி, மூக்கு டாக்டரைப் பார்க்கச் சொன்னார். தெருமுனையில் நாய் ஒன்று எனக்குப் பதில் சொல்கிறது.

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் நிறுத்துவேன். தொண்டை புண்ணாகிவிட்டது. பரவாயில்லை, கலைக்காக.

செப்டம்பர் 8

புதிய உத்தி: தூண்டில். வேண்டுமென்றே தப்பாக நடுகிறேன். நேற்று ரோஜாவை மதில் நிழலில் நட்டேன். மாலைக்குள் அது வெயிலுக்குப் போயிருந்தது. இன்று சம்பங்கிக் கிழங்கைத் தலைகீழாகப் புதைத்தேன். நிமிர்ந்துவிட்டது. கத்தரி நாற்றுக்கும் தக்காளிக்கும் நடுவே ஒரு சாண் மட்டும் விட்டேன். இரண்டும் இரண்டடி பிரிந்துவிட்டன.

நான் தப்பு செய்கிறேன், தோட்டம் திருந்துகிறது, அக்கா தேறுகிறாள். இதில் ஓர் உண்மையை இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன். சம்பங்கி வேண்டுமென்றே செய்தது இல்லை.

செப்டம்பர் 15

பொறுக்க முடியாமல் போனில் கலெக்டரிடம் உளறிவிட்டேன். அம்மா தோட்டத்தில் நடக்கிறாள் என்று.

"மாமா, போன வருஷம் நம்ம வீட்டுப் பூசணிக்காய் மேல ஏறி நின்னு பல்பு மாட்டினதா சொன்னவர்தானே நீங்க?"

"அது வேற, இது நிஜம்."

"அதையும் நிஜம்னுதான் சொன்னீங்க."

போனை வைத்துவிட்டாள். சாயங்காலம் மறுபடி கூப்பிட்டாள். அம்மாவிடமே கேட்டாளாம். அம்மா, "குளியலறை வரைக்கும் போறேன்" என்று மட்டும் சொன்னாளாம்.

இத்தனை வருஷம் நான் ஊதிய பூசணிக்காயெல்லாம் இப்போது உருண்டு வந்து என் வாயையே அடைத்துக்கொண்டு நிற்கிறது.

செப்டம்பர் 26

வாக்கர் மதில் மூலையில் நிற்கிறது. நாலைந்து நாளாகவே அங்கேதான். அக்கா இப்போது சுவரையும் ஜன்னல் விளிம்பையும் கதவு நிலையையும் பிடித்துக்கொண்டு வருகிறாள். வாக்கரின் காலடியில் ஓர் அவரை முளைத்திருக்கிறது. நான் போட்ட விதை இல்லை.

நான் எதையும் பார்க்கவில்லை. தளபதியும் வந்தாள், வாக்கர் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. குளியலறைக்குப் போகும்போது மட்டும் அக்கா என் தோளைப் பிடித்துக்கொள்கிறாள். கை கனமே இல்லை. ஒப்புக்குப் பிடிக்கிறாள். நானும் ஒப்புக்குத் தாங்குகிறேன்.

அக்டோபர் 10

தென்மேற்கு மழை ஓய்கிறது. செண்டுமல்லி முடிந்துவிட்டது. கடைசிப் பூக்களைக் காயவைத்து விதைக்கு எடுத்தாயிற்று. சக்கரத்தின் விளிம்பு மொட்டையாகக் கிடக்கிறது. குளிர் காலத்துக்கு என்ன நடுவது என்று அக்காவிடம் கேட்டேன், சும்மா வாய்வார்த்தையாக.

"சாமந்தி" என்றாள் உடனே. "டேலியா பின்னாடி, உயரமா. முன்னாடி பெட்டூனியா." பிறகு நினைவு வந்ததுபோல, "யாராவது வந்து இருக்கப்போறாங்கல்ல, வாடகைக்கு. அவங்களுக்காகச் சொல்றேன்" என்றாள்.

ரெண்டு பேரும் ஜன்னலைப் பார்த்தோம்.

அக்டோபர் 25

கலெக்டர் நாளை மறுநாள் வருகிறாளாம், காரோடு.

அக்கா அவள் முன்னால் நடப்பாளா? கேட்க எனக்குத் தைரியம் இல்லை. கேட்டால் பார்த்ததாக ஆகிவிடும். பார்த்ததாக ஆனால் நின்றுவிடும். இவ்வளவு பெரிய வாயை வைத்துக்கொண்டு ஒரு சின்னக் கேள்வி கேட்க முடியவில்லை.

அக்டோபர் 27

வரிசையாக எழுதுகிறேன்.

கலெக்டர் காலையில் வந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அக்கா கட்டிலில் சாய்ந்தபடி சிரித்தாள், எழவில்லை. துணிகளை மடித்து வைத்தார்கள். அக்கா ஒன்றும் மறுக்கவில்லை. நான் எழுந்து தோட்டத்துக்கு வந்து, எந்த வேலையும் இல்லாமல் ஒரு தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

"மாமா, வாக்கர் எங்கே? கார்ல வைக்கணும்."

உள்ளேயிருந்து கேட்டாள். நான் தொட்டியை இன்னும் ஒரு சுற்று வந்தேன். அவளே தேடிக்கொண்டு கொல்லைக்கு வந்தாள். மதில் மூலையில் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்தாள் என்று சொல்வதே தப்பு. அங்கே வாக்கரே தெரியவில்லை. நாலு காலிலும் அவரைக்கொடி சுற்றி ஏறி, கைப்பிடியில் தலைப்பாகை கட்டி, ஊதாப் பூ விட்டு, இரண்டு பிஞ்சும் தொங்குகிறது.

"இது என்ன கூத்து" என்றபடி கலெக்டர் கொடியின் நுனியைப் பிடித்துச் சுற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

"அதைத் தொடாதே. பிஞ்சு விட்டிருக்கு."

பின்னாலேயே அக்கா வந்தாள். அறை, நடை, கொல்லைக் கதவு. ஒரு கை சுவரில். படி வந்தது. நிற்கவில்லை. நிலையை ஒரு தொடு தொட்டு இறங்கினாள். நேராக மூலைக்கு வந்து, மகளின் கையிலிருந்து கொடியை வாங்கி, இடம் வலமாகத் திரும்பச் சுற்றினாள். "அது ஏறுற திசைக்குத்தான் சுத்தணும். எதிர்ப்பக்கம் சுத்தினா முறிஞ்சிடும்."

கலெக்டர் அழுதாளா, சிரித்தாளா எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை. அக்கா படி இறங்கியபோதே நான் திரும்பி நின்று, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்; ஓரக்கண்ணுக்கு எட்டியது அக்கா மட்டும்தான். கறுப்புத் தொட்டி. அழகான தொட்டி. கைதட்டவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் மேனேஜரின் தலை தெரிந்தது. நான் முறைத்த முறைப்பில் அவரும் தட்டவில்லை.

அக்டோபர் 28

கலெக்டர் தனியாகத் திரும்பினாள். காரின் பின் இருக்கையில் ஒரு பெரணித் தொட்டியும், சங்குப்பூ விதையும். பெரணியை எந்த ஜன்னலில் வைப்பது, எவ்வளவு தண்ணீர் என்று அக்கா காரைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் உத்தரவு போட்டாள். உத்தரவு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது.

கிளம்பும்போது கலெக்டர் என் காதருகே, "பூசணிக்காயும் நிஜமா மாமா?" என்றாள். நான் மறுக்கவில்லை.

நவம்பர் 9

ஓலைத் தொப்பி பறிமுதல். இனி நான் தண்ணீர் ஊற்றுகிறவன் மட்டும். ரப்பர் குழாயைக்கூட மாற்றிவிட்டாள். பூனை மட்டும் என்னிடம் இன்னும் பேசுவதில்லை.

நவம்பர் 21

சாமந்தி நாற்று முழுவதும் நட்டாயிற்று. முதுகு ஒடிந்துவிட்டது. மதியம் படுத்தவன் குறட்டை விடவும் மறந்து நிஜமாகவே தூங்கிவிட்டேன்.

விழித்தபோது அறையில் யாரோ. என் மாடி ஜன்னலருகே அக்கா நிற்கிறாள். கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக, தானே ஏறி வந்திருக்கிறாள். நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"என்னக்கா, எப்படி..."

"சின்ன வயசுலேர்ந்து நீ தூங்கினா சத்தமே வராது" என்றாள், திரும்பாமலே. "குறட்டை கேட்டா நீ முழிச்சிருக்கேன்னு அர்த்தம். நான் விழுந்தா நீ ஓடி வருவேன்னு ஒரு தைரியம். இன்னிக்குச் சத்தமே இல்லை. சரி, நிஜமாத் தூங்குறான், ஏறித்தான் பாப்போமேன்னு வந்தேன்."

எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றேன்.

அவள் கீழே பார்த்துக்கொண்டே இருந்தாள். வெள்ளைக் குடம், சிவப்பு ஆரம், விளிம்பு நெடுகச் சாமந்தியின் பச்சை.

"இதுதான் அந்தச் சக்கரமா?"

"ஆமா."

"கோணல்" என்றாள். ஜன்னலுக்கு வெளியே விரலை நீட்டி, "இடது பக்கம் ரெண்டு சாமந்தி குறையுது. சாயங்காலம் வெச்சிடலாம், நீ தோண்டு."